பெயின்ட் அடிக்காமல் விற்ற ஹெரால்ட்

வண்டலூர் ஆலையில் தயாரான அப்பாவின் 1970 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை விற்கப் போட்டபோது சந்தை மந்தம். "பெயின்ட் அடிச்சா விலை ஏறும்" என்றார்கள். எனக்கு உடன்பாடில்லை. மந்தமான நேரத்தில் டிங்கரிங்குக்கும் (நசுங்கல் எடுக்கும் வேலை) பெயின்டுக்கும் போட்ட காசு திரும்பாது. புதுப் பெயின்டுக்கு அடியில் ஓட்டையையும் பள்ளத்தையும் மூடிய பட்டிப் பூச்சு எவ்வளவு இருக்கிறதோ என்ற சந்தேகம் வேறு வாங்குபவருக்கு வரும்.

ஹெரால்டுக்கு பாடியிலிருந்து தனியான சேஸிஸ் (அடிச்சட்டம்); வண்டியின் உயிரே அதுதான். லிஃப்டில் ஏற்றி, துரு தின்ற இடங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் காட்டி வீடியோ எடுத்தேன். ஆர்.சி.யோடு பொருந்தும் சேஸிஸ் எண்ணையும் காட்டினேன். 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜாகப் பதிய 2021 விதி இடம் தருகிறது, அதையும் எழுதினேன். துருவைச் சரிசெய்யும் வேலைக்கு ஆகும் செலவைக் கழித்தே விலை சொன்னேன். அப்புறம் வந்தவர்கள் குறைவுதான், ஆனால் விவரம் தெரிந்தவர்கள். கோவைக்காரர் ஒருவர் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார்.