குடும்ப நினைவிலிருந்து கலைப்படைப்பு வரை

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கும் கலைஞர்கள் பலர், கதை முழுமையாகக் கிடைத்த பிறகுதான் வரையவோ செதுக்கவோ முடியும் என்று காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே நிகழ்வை இருவர் இருவிதமாகச் சொல்லும் இடமும், கேட்டவுடன் எல்லோரும் பேச்சை மாற்றிவிடும் இடமுமே படைப்பு பிறக்கும் இடங்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, அதன் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் குறைந்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, யாரோ எழுதிய தேதி, ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது ஒட்டிக்கொண்டு வந்த தாள் ஆகியவை சில நேரங்களில் முகங்களைவிட அதிகம் சொல்லும். மூலப்படத்தை லேமினேட் செய்யாதீர்கள்.

பிறகு அந்தப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு மூத்தவர்களிடம் பேசுங்கள். அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால், பலமுறை சொல்லித் தேய்ந்துபோன பதிலே வரும். மாறாக, கதவு எந்தப் பக்கம் திறந்தது, இரவில் யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்டு, அந்த வீட்டை நினைவிலிருந்தே ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னால், கை தயங்கி நிற்கும் மூலையில் அதுவரை யாரும் சொல்லாத செய்தி ஒன்று வெளிப்படலாம். சில மாதங்கள் கழித்து அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள். நினைவு என்பது சேமித்து வைத்ததை அப்படியே எடுப்பது அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புவது என்பதை உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஆகவே பதில் மாறினால் அதைப் பொய் என்று தள்ளாமல், எது சுருங்கியது, எது பெருகியது என்று குறித்து வையுங்கள்.

குறிப்பேட்டில் பிறர் சொன்னது, ஆவணத்தில் உள்ளது, உங்கள் ஊகம் ஆகிய மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் எழுதுவது அவசியம். இல்லாவிட்டால் சிறிது காலத்தில் உங்கள் ஊகமே குடும்ப வரலாறாகிவிடும்.

அடுத்து வருவதுதான் கடினமான கட்டம். கேட்ட கதையை அப்படியே படமாக வரைந்தால் அது விளக்கப்படமாக நின்றுவிடும். எனவே நினைவின் தன்மையை, நீங்கள் கையாளும் மூலப்பொருளிலும் உத்தியிலும் தேடுங்கள். ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1965இல், நாஜி ஆட்சியின் ராணுவச் சீருடையில் நிற்கும் தம் மாமாவையும், மனநோயாளி என்பதற்காக அதே ஆட்சியில் கொல்லப்பட்ட சித்தியையும் குடும்பப் புகைப்படங்களைப் பார்த்துத் தனித்தனியாக வரைந்தார். இரண்டிலும் உருவங்களின் விளிம்புகளை மங்கலாக்கியதால், பார்ப்பவர் தெளிவாக அறிய விரும்பும் அந்த இடத்திலேயே படம் நழுவுகிறது. ஒரு குடும்பம் ஒன்றாகச் சேர்த்துப் பேச முடியாததை அந்த மங்கல் பேசுகிறது. பிரான்ஸில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் பெற்றோர், சித்திரங்கள் நெய்யப்பட்ட பழைய திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர்கள். அவரோ முதுமையில் தம் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைத்துச் சிற்பங்கள் செய்தார். இந்தியக் கலைஞர் விவான் சுந்தரம் 2001–02இல், தம் தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த புகைப்படங்களைக் கணினியில் இணைத்துப் புதிய காட்சிகளை உருவாக்கினார்.

தொடக்கப் பயிற்சியாக, முரண்படும் இரண்டு சாட்சியங்களையும் தனித்தனி டிரேசிங் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பொருந்தாத கோடுகளைத் திருத்தாமல், அந்த இடைவெளியையே பெரிதாக்கி வரையுங்கள்.

ஒருவர் உங்களிடம் மனம் திறந்து பேசியது, அதைக் காட்சிக்கு வைக்க அளித்த சம்மதம் ஆகாது. படைப்பை வெளியிடும் முன் அவரிடமே காட்டுங்கள். அவர் மறுத்தால், முகத்தையும் பெயரையும் மட்டுமன்றி அவரை அடையாளம் காட்டும் நிகழ்வையும் நீக்கிவிட்டு, உங்கள் சொந்த நினைவில் எஞ்சுவதைக் கொண்டு வேலையைத் தொடருங்கள்.