நிறுவனம் பணம் கட்டும் பயிற்சி: பாண்டில் கையெழுத்துப் போடும் முன்

“படிப்புச் செலவு எங்களுடையது, முடித்தபின் இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும், முன்பே விலகினால் அந்தச் செலவைத் திருப்பித் தர வேண்டும்” என்று நிறுவனம் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அந்த ஒப்பந்தத்தின், அதாவது பாண்டின், வரைவை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். எச்.ஆர். வாயால் சொன்னது நல்லெண்ணத்தோடு சொன்னதாகவே இருக்கட்டும். சிக்கல் வரும் நாளில் தாளில் இருப்பதுதான் செல்லும்.

முதலில் தொகையைப் பாருங்கள். ‘பயிற்சிச் செலவு’ என்றால் கட்டணம் மட்டுமா, அல்லது தேர்வுக் கட்டணம், பயணம், தங்குமிடம், பயிற்சி நாட்களின் சம்பளம் எல்லாமா? சம்பளமும் சேர்ந்தால், திருப்பித் தர வேண்டிய தொகை கட்டணத்தைப்போல இரண்டு மடங்காகவும் போகலாம். அதிகபட்சத் தொகையை எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்.

வேலை பார்த்தாக வேண்டிய கெடு எந்த நாளில் தொடங்குகிறது? பயிற்சி தொடங்கும் நாளா, முடியும் நாளா, சான்றிதழ் கைக்கு வரும் நாளா? ஒரு வருடப் படிப்புக்கு இரண்டு வருட பாண்டு என்றால், முதல் வகையில் கட்டுப்பாடு 2 வருடம்; கடைசி வகையில் 3 வருடத்துக்கும் மேல். மகப்பேறு விடுப்பும் நீண்ட மருத்துவ விடுப்பும் கெடுவில் சேருமா என்பதையும், இடையில் இன்னொரு பயிற்சி எடுத்தால் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது, தொகை எப்படிக் குறைகிறது என்பதைத்தான். செலவு 2,40,000, கெடு 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் குறைந்தால், ஒவ்வொரு மாதமும் 10,000 கழியும். 20ஆம் மாதம் முடிந்து விலகினால் பாக்கி 40,000. அப்போது மாதம் 15,000 கூடுதலாகத் தரும் வேலை அமைந்தால், மூன்றே மாதத்தில் அதை ஈடுகட்டிவிடலாம். ‘கெடு முடியும் முன் விலகினால் முழுத் தொகை’ என்று இருந்தாலோ, அதே நாளில் 2,40,000 கட்ட வேண்டும்; ஈடுகட்ட 16 மாதம் பிடிக்கும். இரண்டும் இரண்டு வருட பாண்டுதான், ஆனால் இரண்டாவதில் கெடு முடியும் நாள்வரை பிடி தளராது. வருடத்துக்கு ஒருமுறை குறைவது இடைப்பட்ட வகை. அதில் 11ஆம் மாதம் விலகுபவருக்கு ஒரு காசும் கழியாது.

பிறகு, எந்தெந்தச் சூழலில் பணம் கேட்பார்கள் என்று பாருங்கள். ‘எக்காரணத்தால் வேலை முடிவுக்கு வந்தாலும்’ என்ற வரி இருந்தால், ஆட்குறைப்பில் நிறுவனமே அனுப்பினாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள் சொல்ல முடியும். இந்த வரியை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேர்வில் தோற்றால் மறுதேர்வுக்கு யார் கட்டுவது, பாதியில் நிறுவனமே பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

பயிற்சியின் மதிப்பையும் எடை போடுங்கள். வெளியிலும் செல்லுபடியாகும் சான்றிதழுக்கு நியாயமான பாண்டை ஏற்கலாம். நிறுவனத்தின் சொந்த மென்பொருளைக் கற்றுத்தரும் இரண்டு வார வகுப்புக்கு பாண்டு கேட்பது நியாயமே இல்லை. சட்டப்படி கட்டாயமான பயிற்சி என்றால் உள்ளூர்த் தொழிலாளர் சட்டத்தையும் பாருங்கள்: ஊழியருக்குச் சட்டப்படி தந்தாக வேண்டிய பயிற்சியை நிறுவனம் இலவசமாகவே தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டிய ‘டைரக்டிவ்’) உண்டு. வகுப்பு வேலை நேரத்திலா, வார விடுமுறையிலா என்பதும் கணக்கில் சேரும். முடித்ததும் சம்பளமோ பதவியோ உயருமா? பதில் ‘பார்க்கலாம்’ என்றால், உயர்வு இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

திருத்தம் கேட்க இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: “பயிற்சி முடிந்த நாளிலிருந்து 18 மாதம், பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் 18இல் ஒரு பங்கு கழியும், நானாக விலகினாலோ ஒழுங்குமீறலுக்காக நீக்கப்பட்டாலோ மட்டுமே திருப்பித் தருவேன், பாக்கியை மாதத் தவணையில் செலுத்தலாம்.” தவணையைப் பற்றி எதுவும் எழுதாவிட்டால், ஃபைனல் செட்டில்மென்ட்டில், அதாவது விலகும்போது தரும் கடைசிக் கணக்கில், மொத்தமாகப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

அசல் சான்றிதழ்களையோ தொகை எழுதாத காசோலையையோ பிணையாகக் கொடுக்க வேண்டாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றை அலுவலகக் கணினியில் இல்லாமல் வீட்டில் வைத்திருங்கள்.