நெருக்கடியில் முடிவெடுக்கும் முன் உங்கள் பயத்தைக் கவனியுங்கள்

பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுவிட்டார், அடுத்த மாதச் சம்பளத்துக்கே பணம் இல்லை என்று செய்தி வந்ததும் பெரும்பாலான தலைவர்கள் உடனே எதையாவது செய்யத் துடிப்பார்கள். யாரையாவது திட்டுவது, கண்ணில் பட்ட செலவை வெட்டுவது. இதில் பாதி முடிவுகளைப் பயம்தான் எடுக்கிறது.

அதனால் முதல் வேலையாக, உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘கோபமாக இருக்கிறது’ என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் ‘பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம்’ என்று வரும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிவதை 2007இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வு காட்டியது. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் முடிவுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாளை மாற்றிக்கொள்ளக்கூடியதை இன்றே எடுத்துவிடலாம். ஆட்குறைப்பு, ஒப்பந்த முறிவு மாதிரி திரும்பப் பெற முடியாதவற்றை, முடிந்தவரை ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு எடுங்கள்.

இதைவிடக் கடினமானது கூட்டத்தில் உட்காருவது. நீங்கள் வாயைத் திறந்ததும் ‘யார் செய்தது?’ என்று கேட்டால், அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் தாமதமாக, மெருகேற்றித்தான் வரும். ‘இப்போது நமக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன?’ என்று கேளுங்கள், அதுவும் அனுபவத்தில் இளையவரிடமிருந்து ஆரம்பித்து, ஏனென்றால் நீங்கள் கருத்தைச் சொல்லிவிட்ட பிறகு அதை மறுத்துப் பேச அந்த அறையில் அநேகமாக யாருக்கும் தைரியம் வராது. கெட்ட செய்தியோடு வந்தவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். யார் பொறுப்பு என்பதை நிச்சயம் விசாரிக்க வேண்டும், ஆனால் தீ அணைந்த பிறகு.

வெளியே பேசும்போது யாருடைய வலியை முன்னால் வைக்கிறீர்கள் என்பதை மக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பணத் தளம் வெடித்து 11 பேர் இறந்த பின், பிபி எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் டோனி ஹேவர்ட் தன் பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். மாறாக 2020 மார்ச்சில், கொரோனாவால் ஓட்டல் தொழில் முடங்கியபோது, மேரியட் ஓட்டல் நிறுவனத்தின் தலைவர் ஆர்னே சோரன்சன், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவிலும், ஊழியர்களுக்கு வீடியோவில் நிலைமையை மறைக்காமல் சொல்லி, அந்த ஆண்டின் மீதிச் சம்பளம் தனக்கு வேண்டாம் என்றார். வேலையிழப்பை அவராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் தன் பங்கு இழப்பையும் சேர்த்துச் சொன்னதால் அந்தப் பேச்சில் கனம் இருந்தது.

பேசி முடிக்கும்போது அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று நேரத்தோடு சொல்லுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து நின்று, ‘இன்னும் தெரியவில்லை, நாளை காலை பத்து மணிக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். நீங்கள் வராமல் போனால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.