வேக்போர்டு படகில் கூடுதல் எடைப்பை: டேங்கோடு இணைத்த விதம்

படகு இழுத்துச் செல்ல, அது எழுப்பும் அலையில் பலகைமேல் நின்று சறுக்குவதுதான் வேக்போர்டு. படகு கனத்தால் அலை பெரிதாகும்; அதற்காகத் தண்ணீர் நிரப்பும் டேங்குகள் என் படகின் பின்புறம் உண்டு. அவை நிரம்பினாலும் அலை சப்பென்றுதான் வந்தது. அதனால் இரண்டு பக்க லாக்கர்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக எடைப்பை, அதாவது தண்ணீர் நிரப்பும் பை, வைத்தேன். தனி பம்ப் போடவில்லை. டேங்கின் மேலே காற்றும் மிச்சத் தண்ணீரும் வெளியேறும் குழாயைக் கழற்றி, பையின் அடிவாயில் மாட்டினேன். பையின் மேல்வாயிலிருந்து இன்னொரு குழாய் படகின் பழைய வெளியேற்றத் துளைக்குப் போகிறது. டேங்க் நிரம்பியதும் தண்ணீர் தானாகப் பைக்கு ஏறும். காலி செய்யும்போது பம்ப் டேங்கை உறிஞ்ச, பையின் தண்ணீர் முதலில் இறங்கும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பையை மட்டும் தனியாக மாட்டுபவர்கள் மேல்வாயில் காற்று உள்ளே வராதபடி ஒருவழி வால்வு போடுவார்கள். பை சுருங்கிக்கொள்ளும், சரி. கடின டேங்க் சுருங்காதே! அதற்குக் காற்று வேண்டும். இல்லையென்றால் பம்ப் திணறும், டேங்க் நெளியவும் கூடும். ஆகவே இந்த அமைப்பில் அந்த வால்வு வேண்டாம். பையின் அடி டேங்கின் மேல்மட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும். வெளியேற்றக் குழாய் உள்ளே வரும் குழாயைவிடச் சிறியதாக இருந்தால் பை உப்பித் தையல் பிரியும்.

அப்புறம் எடைக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்து படகில் பொருத்திய தகட்டில் குறித்துள்ள எடை வரம்புக்குள் அடங்க வேண்டும். பின்பக்கம் மட்டும் கனத்ததில் படகின் முன்முனை தூக்கி, ஓட்டும்போது முன்னால் எதுவும் தெரியவில்லை. முன்புறமும் ஒரு சின்னப் பை வைத்த பிறகே சரியானது.