தவக்காலச் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இவ்வருடம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாள், எங்கள் பங்கிலுள்ள ஆரம்பப் பாடசாலையில் ஓர் இளம் ஆசிரியை தரம் நான்கு வகுப்பறைச் சுவரில் பெரிய அட்டையொன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். வலப்பக்கம் அவர்கள் தவக்காலத்தில் ஏழைகளுக்கென்று கொண்டுவரும் அரிசியின் அளவைக் குறிக்கும் கட்டங்கள். அதே போன்ற அட்டையை 2013இல் நானும் ஒட்டினேன். உண்டியலைப் பூட்டி வைக்க வேண்டும், காசை இருவராக எண்ண வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயருக்கு எதிரே அளவு எழுதுதல்

வன்னியில் தவக்காலம் பெரும்பாலும் காலபோக (மாரிகால) நெல் அறுவடையை ஒட்டியே வரும். வயலுள்ள வீட்டில் அப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கும். கூலிக்குப் போகும் வீட்டில், அறுவடை இயந்திரங்கள் வந்த பிறகு, அந்த நாட்களிலும் வேலை அரிது. இதை எண்ணிப் பார்க்காமல், பிடியரிசி வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம் என்று தொடங்கினேன். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைப்பது எங்கள் அம்மம்மாமார் செய்த நல்ல வழக்கம்; அதில் பிழை இல்லை. அதைக் கொத்துக் கணக்கில் அளந்து பெயருக்கு எதிரே குறித்ததும், கூடச் சேர்த்த பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் முன்னே அழைத்துக் கைதட்டச் செய்ததுமே பிழை.

மூன்று கிழமையாக ஒரு மாணவியின் கட்டம் வெறுமையாக இருந்தது. நான்காம் கிழமை அவள் புதிய சொப்பிங் பையில் இரண்டு கொத்து அரிசி கொண்டுவந்தாள். பிடிபிடியாகச் சேர்த்த அரிசி கடைப் பையில் வராது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை, நானும் கைதட்டினேன். சில நாட்களின் பின் சந்திக் கடைக்காரர் கடன்கொப்பியைப் புரட்டியபடி, "ரீச்சர், உங்கட பள்ளிக்கூடத்துக்கெண்டு அந்தப் பிள்ளையின்ர தாய் கடனுக்கு அரிசி வாங்கினவ" என்றார்.

அந்தத் தாய் போரில் கணவரை இழந்தவர். 2009இல் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் நிவாரண வரிசையில் நின்றவர். தம் பிள்ளையும் வெறுங்கையுடன் நிற்கக் கூடாதென்று கடன்பட்டிருக்கிறார். பரிசுத்த வாரத்தில் நாங்கள் உதவி வழங்கத் தயாரித்த பட்டியலில் முதலில் இருந்ததும் அந்தக் குடும்பந்தான். அவர் கடனுக்கு வாங்கிய அரிசியை அவருக்கே தருமமென்று கொண்டுபோய்க் கொடுத்தோம். கடன் மட்டும் கொப்பியில் நின்றது.

அந்தச் சேகரிப்பைத் தொடங்கியபோது வகுப்பில் நான் சொன்ன கதை ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை. மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் அவள் இரண்டு காசு போடுவதற்குச் சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். அந்த வசனத்தை விட்டுவிட்டு இரண்டு காசை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்பவர்களைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதல் எரிச்சல் என்மீதுதான்.

இப்போது சேகரிப்பை ஞாயிறு மறைக்கல்விக்கு மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான கடித உறை கொடுக்கிறோம். அதில் காசு போடலாம், செய்த ஒறுத்தலை, அதாவது ஆசைப்பட்ட ஒன்றைத் தவிர்த்ததை, எழுதிப் போடலாம், ஒன்றும் போடாமலும் ஒட்டித் தரலாம், பெயர் எழுதுவதில்லை. அரிசி கொண்டுவருவோர் திருப்பலிக்கு முன் ஆலய விறாந்தையிலுள்ள சாக்கில் கொட்டிவிட்டுப் போகலாம். முடிவில் மொத்த அளவை மட்டும் அறிவிப்போம். சேகரிப்புக் குறைந்துவிட்டதென்று பங்குச்சபையில் சிலர் முறையிட்டார்கள், குறைந்தது உண்மைதான்.

எல்லாரும் கத்தோலிக்கர் என்று எண்ணுதல்

பெயர்ப் பலகையில் 'றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை' என்றிருந்தாலும், பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் இவற்றுள் பெரும்பாலானவை அரச பாடசாலைகளே. கத்தோலிக்க பாடம் நடக்கும் வேளையில் பக்கத்து வகுப்பறையில் சைவநெறி நடக்கும். ஆகவே சேகரிப்பைப் பங்கோடு வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது சமயம் பார்க்காதீர்கள்.

புத்தகப்பை

ஜனவரியில் வெளிநாட்டிலுள்ள ஊரவர் அனுப்பும் காசில் எல்லாரும் வாங்குவது புத்தகப்பைதான். ஒரே பிள்ளையிடம் மூன்று பை இருக்கும். அவள் வரும் சைக்கிளுக்கு ரியூப் இராது. பாடநூல்களை அரசே இலவசமாகத் தருகிறது. என்ன தேவையென்று தாயிடம் கேட்ட பிறகு வாங்குங்கள்.

செபமாலைக்குப் புள்ளி போடுதல்

பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுவார்கள்.

படம் எடுத்தல்

வேண்டாம்.

பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புதல்

பொதியைச் சுமந்து வகுப்பறையிலிருந்து வெளியேறும் பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். வீடு தேடிச் சென்று சந்திப்பது, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் டி போல் சபையினர் 1833இல் பாரிஸில் தொடங்கிய காலம் முதல் கைக்கொள்ளும் முறை. அதையே பின்பற்றித் தாயிடம் கொடுங்கள். உயிர்ப்பு ஞாயிறுச் சமையலுக்கு உதவ வேண்டுமானால் பெரிய வியாழனுக்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். பொழுதுபட்ட பின் போவது நல்லதுதான். ஆனால் கணவரில்லாத வீட்டுக்கு அந்நேரத்தில் ஆண்கள் மட்டும் போனால் ஊர் வேறு கதை கட்டும், ஆகவே ஒரு பெண்ணாவது கூடச் செல்ல வேண்டும்.