தாமதத்தோடு இணைத்த இரண்டு கேயாஸ் அமைப்புகள்: பைத்தானில் ஒத்திசைய வைப்பது எப்படி?

இரத்த அணு உற்பத்திக்காக மேக்கியும் கிளாஸும் 1977-ல் தந்த சமன்பாடு தொடங்குவதற்குத் தோதானது. ஒரே மாறி (எக்ஸ்), ஒரே தாமதம், அதிலேயே கேயாஸ், அதாவது தொடக்கத்தின் சிறு மாற்றமும் பெரிதாகிவிடும் ஒழுங்கற்ற இயக்கம், வந்துவிடுகிறது. பைத்தானின் எண்வரிசை நூலகமான நம்பை இருந்தால் போதும். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சைப்பையின் ஓடிஇன்ட் வேண்டாம். பழைய மதிப்புகளை அது கணக்கில் எடுக்காது.

படி 1: ஓட்டும் அமைப்பு

காலப்படி 0.1, தாமதம் 17. ஆக 170 இடங்கள். 20,000 இடமுள்ள எக்ஸ் வரிசையில் முதல் 300 இடங்களை 1.2 என்று நிரப்புங்கள். 1 என்று நிரப்பினால் கோடு அசையவே அசையாது. 1 இதன் சமநிலைப் புள்ளி. பிறகு:

புதிய எக்ஸ் = எக்ஸ் + 0.1 × (0.2 × ப ÷ (1 + ப¹⁰) − 0.1 × எக்ஸ்)

ப என்பது 170 இடத்துக்கு முந்தைய எக்ஸ். சுழற்சியை 0-லிருந்து ஓட்டினால் குறியீட்டெண் எதிர்மமாகும். பைத்தான் பிழை காட்டாமல் வரிசையின் பின்முனையிலிருந்து எண்ணி மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதனால் சுழற்சியை 299-ல் தொடங்குங்கள்.

படி 2: தொடரும் அமைப்பு

இரண்டாவது அமைப்பின் மாறி ஒய். அதற்கும் அதே சூத்திரம்தான், எக்ஸ் வரும் இடத்தில் ஒய். ப-வுக்குப் பதில் 'க' இடத்துக்கு முந்தைய எக்ஸைக் கொடுங்கள். தொடக்கம் 0.3.

படி 3: ஒப்பிடுதல்

க = 50 என்று ஓட்டி, ஒரே நேரத்து எக்ஸையும் ஒய்யையும் ஒன்றுக்கொன்று எதிராக வரைந்தால் சிக்கலான நூல்கண்டுதான் தெரியும். ஒத்திசைவு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒய்யை (170 − க) இடத்துக்குப் பிந்தைய எக்ஸோடு ஒப்பிட வேண்டும்; அவற்றின் வித்தியாசம்தான் பிழை. வரிசைகளை வெட்டி ஒப்பிடுங்கள்; நம்பையின் ரோல் கொண்டு வரிசையைச் சுழற்றினால் கடைசி மதிப்புகள் முன்னால் வந்து பொய்ப்பிழை காட்டும்.

க = 170 என்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். 250 என்றால் ஒய் 8 நேர அலகு (80 இடம்) பிந்தும். 50 என்றால் 12 அலகு முந்தும்! 2000-ல் ஆய்வாளர் வாஸ் சுட்டிக்காட்டிய முன்கூட்டிய ஒத்திசைவு இது. மாயமில்லை: எக்ஸ் 17 அலகு கழித்துப் பயன்படுத்தப்போகும் மதிப்பு ஒய்க்கு 5 அலகிலேயே கிடைத்துவிடுகிறது.

பிழை ஒவ்வொரு காலப்படியிலும் 0.99 மடங்காகும், 1,000 காலப்படியில் தொடக்கப் பிழையின் 0.00004 பங்குதான் மிஞ்சும். மடக்கை அளவில் நேர்கோடாக இறங்கவில்லையா? இடக்கணக்கு எங்கோ தவறியிருக்கிறது.

படி 4: கெடுத்துப் பாருங்கள்

ஒய்யில் மட்டும் 0.1 என்ற சிதைவுக் கெழுவை 0.11 ஆக்குங்கள். காலப்படியைத் தொடாதீர்கள், அதுவும் 0.1தான், எளிதில் குழம்பும். இப்போது பிழை சுழியத்துக்கு வராது. ஒய்யின் சராசரி எக்ஸின் சராசரியைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு தாழ்ந்தே நிற்கும். எத்தனை படி கூடுதலாக ஓட்டினாலும் அது குறையாது.