தங்க நானோ துகள்களைப் புள்ளிகளில் அமர்த்தும்போது செய்யும் தவறுகள்

சிலிக்கன் ஆக்சைடு வேஃபரில் (மெல்லிய தட்டில்) பி.எம்.எம்.ஏ என்ற பாலிமரைப் பூசி, எலக்ட்ரான் கற்றையால் துளைகள் எழுதி, துளைக்குள் மட்டும் அமீன் முனை கொண்ட ஏப்டெஸ் என்ற சிலேனைப் படியவைத்து, பி.எம்.எம்.ஏ-வை அசிட்டோனில் கரைத்தெடுக்கிறோம். பிறகு இந்த வேஃபர் துண்டை, அதாவது சில்லை, சிட்ரேட் அயனிகள் போர்த்திய தங்கத் துகள்களின் கரைசலில் மூழ்கவைக்கிறோம். அமீன் புள்ளிக்கு நேர் மின்னூட்டம். துகளுக்கும் சுற்றியுள்ள ஆக்சைடுக்கும் எதிர் மின்னூட்டம். துகள் புள்ளியில்தான் உட்கார வேண்டும். உட்காரவும் செய்கிறது. அதற்குப் பிறகு நாம்தான் அதைக் கலைக்கிறோம். கலன்களைச் சுத்தமாகக் கழுவுவது போன்ற தெரிந்த விஷயங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

பி.எம்.எம்.ஏ உள்ள சில்லை டொலுயீனில் போடுவது

ஏப்டெஸை டொலுயீனில் கலந்து படியவைத்தால் பி.எம்.எம்.ஏ-வும் அதில் கரைந்துவிடும். ஏப்டெஸை ஆவியாகப் படியவையுங்கள்.

தடித்த ஏப்டெஸ் படலம்

ஒற்றை அடுக்கு என்றால் 1 நானோமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். பழைய புட்டியும் ஈரக்காற்றும் சேர்ந்தால் ஏப்டெஸ் தனக்குள்ளேயே பிணைந்து கட்டிகளாகப் படியும். பிறகு அவை கழன்று புள்ளிக்கு வெளியேயும் ஒட்டும். கூடவே ஒரு வெற்று வேஃபர் துண்டை வைத்து எலிப்சோமீட்டரில் (படலத்தின் தடிமனை ஒளியால் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். 2 நானோமீட்டரைத் தாண்டினால் அந்தத் தொகுதியை மேலே கொண்டுபோக வேண்டாம்.

மூழ்கவைக்க ஒரு மணி நேரம் போதும் என்று நினைப்பது

60 நானோமீட்டர் துகள் அசையாத நீரில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 0.24 மில்லிமீட்டர்தான் நகரும். மேலே 2 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கரைசல் நின்றாலும் அடியில் உள்ள மெல்லிய பகுதி மட்டுமே வேலை செய்கிறது. மில்லிலிட்டருக்கு 2.6 × 10¹⁰ துகள்கள் இருந்தால், அந்த நேரத்தில் ஒரு சதுர மைக்ரோமீட்டரை அதிகபட்சம் 5 துகள்கள்தான் எட்டும். 500 நானோமீட்டர் இடைவெளியில் எழுதியிருந்தால் அதே பரப்பில் 4 புள்ளிகள் காத்திருக்கின்றன. பாதி காலியாக இருப்பதில் வியப்பில்லை. நேரத்தை 16 மடங்காக்கினால் வரவு 4 மடங்குதான் கூடும். எனவே மூடிய ஈரப்பெட்டியில் இரவு முழுக்க விடுங்கள், அல்லது மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள்.

பி.பி.எஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) சேர்ப்பது

சேர்க்காதீர்கள். சிட்ரேட் தங்கம் அந்த உப்பைத் தாங்காது.

உலர்த்துவது

பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கும் தவறு இதுதான். எஸ்.இ.எம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் துகள்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் கிடக்கின்றன, புள்ளிகள் காலி. உடனே லித்தோகிராஃபி டோஸை (துளை எழுதும் எலக்ட்ரான் கற்றையின் அளவை) மாற்றுகிறார்கள், புதிய சில்லு எழுதுகிறார்கள், கற்றை நேரம் மணிக்கணக்கில் போகிறது. மறுபடியும் அதே படம். காரணம், கரைசலிலிருந்து சில்லை இடுக்கியால் தூக்கி நைட்ரஜன் துப்பாக்கியால் ஊதிய அந்த நிமிடத்தில் இருக்கிறது.

நீர்ப்படலம் துகளின் உயரத்தைவிட மெலிந்ததும் துகளின் தலை வெளியே தெரியும். அதைச் சுற்றி நீர் வளைந்து நிற்கும். பக்கத்துத் துகளைச் சுற்றியும் அப்படியே. அந்த இரண்டு வளைவுகளும் துகள்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சின்னஞ்சிறு புள்ளியில் மின்னூட்டத்தால் மட்டும் ஒட்டியிருக்கும் 60 நானோமீட்டர் துகள் அந்த இழுப்புக்கு ஈடுகொடுப்பதில்லை. 2000-ல் பெல் ஆய்வகத்தில் ஜோனா ஐசன்பெர்க் குழுவினர் பாலிஸ்டைரீன் கோளங்களை வைத்து, முதலில் மின்னூட்டமும் பிறகு உலரும் நீரும் துகளின் இடத்தைத் தீர்மானிப்பதைக் காட்டினார்கள். அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நமக்கு அது கேடு.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க எஸ்.இ.எம் தேவையில்லை. சில்லு நீருக்குள் இருக்கும்போதே டார்க் ஃபீல்டில் (துகள் சிதறடிக்கும் ஒளியை மட்டும் காட்டும் நுண்ணோக்கியில்) பாருங்கள். தனித் துகள் பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஒட்டிக்கொண்ட ஜோடி ஆரஞ்சுக்கோ சிவப்புக்கோ மாறும். ஈரத்தில் பச்சையாக இருந்து, அதே இடம் உலர்ந்த பின் சிவந்தால் சந்தேகமே வேண்டாம். திரள்கள் எல்லாம் ஒரே திசையில் விலகியிருப்பது இன்னொரு தடயம்: நீர் பின்வாங்கிய திசை அது. கரைசலிலேயே திரண்டிருந்தால் உறிஞ்சல் நிறமாலையில் 600 நானோமீட்டருக்கு மேல் தோள் போன்ற மேடு ஒன்று எழும்பும். திரள்களும் திசையின்றிச் சிதறிக் கிடக்கும்.

செய்ய வேண்டியது: சில்லைக் காற்றில் தூக்காதீர்கள். கிண்ணத்தில் பாதித் திரவத்தை எடுத்து அதே அளவு தூய நீர் ஊற்றுங்கள். கரைசலின் சிவப்பு மறைந்த பிறகும் சில முறை தொடருங்கள். மிதக்கும் துகள்கள் மிச்சமிருக்கும்போது எத்தனால் சேர்த்தால் அவை திரண்டு சில்லின் மேல் விழும். இந்தக் கழுவலில் அவசரம் கூடாது. பிறகு 25, 50, 75 சதவீத எத்தனால், ஒவ்வொன்றிலும் 5 நிமிடம். கடைசியில் தூய எத்தனால் இருமுறை. எத்தனாலின் பரப்பு இழுவிசை 22 மில்லிநியூட்டன்தான். ஆவியாகும்போது அது சில்லைக் குளிர்விக்கும். ஈரமான அறையில் காற்றின் நீர் அதன் மேலேயே படியும். அதனால் உலர் நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் வைத்து உலர்த்துங்கள்.

கிரிட்டிக்கல் பாயிண்ட் டிரையர் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி செல்சியஸுக்கும் 74 பாருக்கும் மேலே போய்விட்டால் திரவம், வாயு என்ற எல்லையே இருக்காது. இழுக்க வளைவும் இருக்காது. ஆனால் எத்தனாலில் நீர் மிச்சமிருந்தால் அது திரவக் கார்பன் டை ஆக்சைடில் சரியாகக் கலக்காமல் சில்லிலேயே தங்கி, பழைய சேதத்தையே செய்யும்.

புள்ளி துகளைவிடப் பெரிதாக இருப்பது

இரண்டு துகள் உட்காரும். ஒன்று போதுமென்றால் புள்ளியின் அகலம் துகளின் விட்டத்தைத் தாண்டக் கூடாது.

எஸ்.இ.எம்-க்காகத் தங்கம் பூசுவது

தங்கத் துகளின் மேல் தங்கம் பூசினால் துகளின் விளிம்பு போய்விடும். சில்லில் எலக்ட்ரான்கள் தேங்கும் மின்னேற்றம் தொந்தரவு தந்தால் 1 அல்லது 2 கிலோவோல்ட்டில் பாருங்கள்.